மிடறும் கொப்பியும்

சேகரிப்பது மனிதனுக்கு இயல்பாய் அமைந்த குணங்களுள் ஒன்று. தபால் முத்திரை சேர்ப்போர் உளர்; தீப்பெட்டி மேலட்டை சேர்ப்போர் உளர்; நாணயம், கிளிஞ்சல், பெரியோர் கையொப்பம் என்று ஆளுக்கொரு பித்து. வீட்டுக்கு எடுத்து வந்து அடுக்கி வைக்க இயலாத பொருளையும் சேர்க்கலாம் என்று காட்டியவர்களுள் ஆங்கிலச் சிறுவர்களைக் குறிப்பிடல் வேண்டும். 1942ஆம் ஆண்டில் இயன் அலன் என்பவர் அந்நாட்டின் தென்பகுதிப் புகையிரத எஞ்சின்களின் இலக்கங்களைத் திரட்டிச் சிறு நூலாக வெளியிட்டார். அதன்பின், நிலைய மேடைகளில் பென்சிலும் கையுமாகச் சிறுவர்கள் காத்து நின்றார்கள். கண்ணிற்பட்ட எஞ்சினின் இலக்கத்தை நூலிலே தேடி அடையாளமிட்டால் அந்த எஞ்சின் அவர்களுக்குச் சொந்தம். செலவில்லாத சொத்து.

இதே மனப்பான்மை மதுச்சாலைக்குள் நுழைந்த கதை வேடிக்கையானது. பெரிய நிறுவனங்களின் ஒரே வகைப் பியர் நாடெங்கும் பரவி, ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த பழைய பியர் வகைகள் அழிந்துவிடும் என அஞ்சிய சிலர் 1971ஆம் ஆண்டில் அங்கே ஓர் இயக்கம் தொடங்கினர். அதன் பயனாகப் பல நூறு பியர்களை ஒரே கூரையின்கீழ் வைத்து நடத்தும் விழாக்கள் பெருகின. விழாவுக்கு வந்தவர்களுள் சிலர் பென்சிலோடு வந்தார்கள். அருந்திய பியரின் பெயருக்கு நேரே ஓர் அடையாளம். அவ்வளவுதான் அவர்கள் வேண்டுவது. முழுக் குவளை தேவையில்லை. அரைக் குவளை போதும். நால்வர் சேர்ந்து ஒரு குவளையைப் பங்கிட்டாலும் கணக்கில் சேரும். ஒருமுறை அடையாளமிட்ட பியரை இரண்டாம் முறை தொடுவதில்லை. ஆயிரம், பத்தாயிரம் என்று எண்ணிக்கை வளர்ந்தது. 2010ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்தக் கணக்கைக் கைத்தொலைபேசியே எழுதி வைத்துக்கொள்கிறது.

இலக்கியப் பக்கத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று ஆசிரிய நண்பர்கள் முகஞ்சுளிக்கக் கூடும். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த நூலைக் கையிலேந்தி நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். மதுவின் கொடுமையை ஏட்டில் மட்டும் படித்தவனும் அல்லன். கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த வீட்டிலே என் சிறிய தந்தையார் எங்களோடு இருந்தார். துறைமுகத்தில் எழுதுவினைஞர். முத்து முத்தான கையெழுத்து. மாலை ஐந்து மணிக்கு வேலை முடியும்; ஏழு மணிக்குத்தான் வீடு வருவார். இடைப்பட்ட இரண்டு மணி நேரமும் தவறணைக்கு உரியவை. ஆண்டுக்கணக்காக அதே தவறணை, அதே மூலை வாங்கு, அதே தென்னஞ் சாராயம். சிறுவனாயிருந்தபோது ஒருநாள், “சித்தப்பா, அது என்ன சுவை?” என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, “தெரியாதடா தம்பி. நான் அதைச் சுவைக்கிறேல்லை, விழுங்கிறனான்” என்றார். நாற்பத்து நாலாம் வயதில் ஈரல் நோயினால் இறந்தார்.

ஆதலால், சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் இலண்டனிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் என் வீட்டு விறாந்தையிலே அமர்ந்து, தாம் அருந்திய பியர்களின் கணக்குக் கொப்பியை என்முன் விரித்தபோது எனக்கு உவகை பிறக்கவில்லை. மொத்தம் 412 பதிவுகள். இலக்கம், பெயர், ஊர், திகதி, பத்துக்கு எத்தனை புள்ளி என்று கட்டம் கட்டமாகக் கோடிட்டிருந்தார். ஆனால் ஏடுகளைப் புரட்டப் புரட்ட ஒன்று புலப்பட்டது. என் சிறிய தந்தையார் வாழ்நாள் முழுவதும் ஒரே பானத்தைக் குடித்தார். இவரோ எதையும் இருமுறை குடித்ததில்லை. குடிகாரன் நாடுவது மாறாமையை. நேற்றைய மயக்கம் இன்றும் அப்படியே வேண்டும். இவர் நாடுவது வேற்றுமையை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது நியாயமாகப் படவில்லை.

அதற்காக இந்தப் பழக்கம் தீங்கற்றது என்று சொல்ல வரவில்லை. இது முதலாவது பியரா, நானூறாவது பியரா என்று ஈரல் விசாரிப்பதில்லை. எண்ணிக்கையே ஒரு போதையாகிவிடுவதும் உண்டு. மாணவருடைய கொப்பியில் ஒரே நாளில் பதினான்கு பதிவுகள் உள்ள பக்கம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தின் அடிப்பகுதியில் கையெழுத்துச் சாய்ந்து, கடைசி மூன்று பியர்களுக்கு நேரே “நன்று, நன்று, நன்று” என்று மட்டுமே கண்டிருந்தது. அந்த இடத்தில் அவரும் விழுங்கத்தான் செய்திருக்கிறார்.

அவர் என்னிடம் வந்த காரணம் வேறு. முந்நூறாவது பதிவுக்குப் பிறகு குறிப்புகளைத் தமிழில் எழுதத் தொடங்கியிருந்தார். மூன்று பக்கத்துக்குள் சொல் வற்றிவிட்டது. “கசப்பு என்று எழுதுகிறேன், சேர். அடுத்ததுக்கும் கசப்பு. அதற்கடுத்ததுக்கும் கசப்பு. இவ்வளவுதானா தமிழ்?” என்றார். தமிழாசிரியனுக்கு இதைவிடக் கூரிய கேள்வி வேண்டுமா? “பொறும் தம்பி, நீர் சொல்லை அகராதியில் தேடுகிறீர்; அடுக்களையில் தேடிப் பாரும்” என்றேன்.

அன்று மாலை முழுவதும் அதுவே வேலையாயிற்று. பியருக்குக் கசப்பைத் தருவது ஹொப்ஸ் என்ற கொடியின் பூ. ஆனால் எல்லாப் பூவும் ஒரேவிதமாய்க் கசப்பதில்லை. கொதியில் எப்போது இட்டார்கள் என்பதைப் பொறுத்தும் வேறுபடும் என்றார். நமக்கோ பாகற்காய்க் கசப்பு வேறு, வேப்பம்பூக் கசப்பு வேறு. வாயிலிட்ட வெந்தயம் மெல்ல மெல்ல விடும் கசப்பு வேறு. தோடம்பழத் தோலைக் கடித்தால் மணத்தோடு ஏறும் கசப்பு வேறு. அடிப்பிடித்த சோற்றின் கசப்பு வேறு. ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல அவர் பழைய பதிவுகளைத் திருப்பி, நினைவிலிருந்து பொருத்திப் பார்த்தார். நெல் அவிக்கும் முற்றத்தின் மணம் இரண்டு பியர்களுக்குப் பொருந்திற்று. பனாட்டின் புளித்த இனிப்பு பெல்ஜிய நாட்டுப் பியர் ஒன்றுக்கு இசைந்தது. இலண்டன் கடையில் வாங்கிய புத்தகங்களில் இல்லாத சொற்கள் இவை. அப்பழங்களையும் பூக்களையும் அறியாதவன் எழுதிய புத்தகத்தில் அவை எங்ஙனம் இருக்கும்?

மறுநாள் 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குச் சென்று நிகண்டுகளை எடுத்தேன். திவாகரமும் பிங்கலந்தையும் கள்ளுக்கு அடுக்கும் பெயர்களைப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி என்று வரிசை நீள்கிறது. நிகண்டு இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கட்டி வைத்திருக்கிறது. ஆயினும் இவையெல்லாம் ஆதியில் ஒரே பொருளையே குறித்தன என்று நான் நம்பவில்லை. தேறல் தெளிந்தது, அரியல் அரிக்கப்பட்டது, பிழி பிழியப்பட்டது, தோப்பி நெல்லிலிருந்து செய்யப்பட்டது. யாரோ ஒரு காலத்தில் வேறுபாடு அறிந்து சுவைத்துத்தான் வெவ்வேறு பெயர் இட்டிருக்கிறார்கள். பின்வந்தோர் பெயரை வைத்துக்கொண்டு வேறுபாட்டைத் தொலைத்துவிட்டோம். இதிலே நாம் பியர்க் கணக்கருக்கு எவ்வகையிலும் உயர்ந்தவர்கள் அல்லோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் நிரல்படுத்திய 99 பூக்களின் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவரை நான் அறிவேன். அவற்றுள் பத்தையாவது முகர்ந்து பார்த்து இன்ன பூ எனச் சொல்லவல்லவர் ஒருவரையும் அறியேன்.

பியர் நமக்கு முற்றும் அந்நியம் என்ற எண்ணத்தையும் சங்க நூல் தகர்க்கிறது. பனங்கள்ளும் தென்னங்கள்ளும் பியர் ஆகா. பாளைச் சாற்றிலே சர்க்கரை முன்னமே உண்டு, அது தானாகவே புளிக்கும். தானியத்திலோ இருப்பது மாச்சத்து. அதைச் சர்க்கரையாக மாற்றினாலன்றிப் புளிக்காது. மேனாட்டார் பார்லியை முளைக்கவிட்டு உலர்த்துவது இதற்காகவே. முளையிலே பிறக்கும் ஒரு சத்து மாவைச் சர்க்கரையாக்குகிறது. இனிப் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பிலே கள் சமைக்கும் முறையைச் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டுவார்கள். வாயகன்ற பாத்திரத்தில் ஆறவிடுவார்கள். புற்றாஞ்சோறு போன்ற அடையைக் கலப்பார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்து அரிப்பார்கள். அந்த அடையை நெல்முளையால் ஆனதென உரை கொள்கிறது. அவ்வுரை சரியென்றால், தொண்டை நாட்டு மீனவர் வீட்டில் காய்ச்சப்பட்டது சாட்சாத் நெற்பியரே. புலவர் எண்ணிக்கை சொல்லவில்லை. பாத்திரத்தின் வாய் எப்படியிருந்தது என்று சொல்லியிருக்கிறார். ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னரும் அதைப் பார்த்து ஒருவன் காய்ச்சலாம்.

புறநானூற்றில் யவனர் நன்கலத்திற் கொணர்ந்த தேறலும் வருகிறது. ஆகவே இறக்குமதிச் சரக்கைப் பாராட்டும் பழக்கமும் புதிதன்று. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையை மாணவர் அனைவரும் அறிவர். சிறிதளவு கள் கிடைத்தால் தமக்கே தந்துவிடும் அவனது பண்பை எண்ணி அழுகிறார் ஔவை. இலங்கையிலே 1979ஆம் ஆண்டு விதி ஒன்று பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் அதை நீக்கினார்கள். சில நாட்களுக்குள் அந்நீக்கத்தையே நீக்கிவிட்டார்கள். வெள்ளவத்தைக் கடையில் ஔவையார் நின்றிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

இந்நாட்டிலே பியர் எண்ணுவோருக்கு வேலை குறைவு. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவிலே தொடங்கிய முயற்சியே நம் பியர்த் தொழிலுக்கு மூலம் என்பர். 1881ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் நிறுவனம் அம்மலைக் குளிரிலேயே நெடுங்காலம் காய்ச்சி, 1990களின் பிற்பகுதியில் பியகமவுக்கு இறங்கி வந்தது. அங்கே காய்ச்சுவனவற்றையும் வேறு சிலவற்றையும் கூட்டினாலும் நம் மாணவருக்கு இரண்டு மாலைப்பொழுதுக்கு மேல் கணக்கு வராது. நடுவிலே போயா தினம் வந்தால் மூன்று.

ஆயினும் உலகப் பியர் எழுத்தாளருள் தலைசிறந்தவரென மதிக்கப்பட்ட மைக்கேல் ஜாக்சன் இத்தீவுக்கு வந்தார். பாடகர் அல்லர், 1942இல் பிறந்து 2007இல் மறைந்த ஆங்கிலப் பத்திரிகையாளர். உலகப் பியர்களைப் பற்றி 1977ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலே பியரை வகை வகையாகப் பிரித்துப் பேசும் முறையை எங்கும் பரப்பிற்று. வந்தவர் மலைநாட்டில் லயன் ஸ்டவுட் என்ற கரிய பியரைச் சுவைத்தார், வியந்து எழுதினார். மேல்நாடுகளில் அதன் புகழ் அவ்வெழுத்தாலேயே ஓங்கியது. அப்பானத்தின் பேணியில் அவருடைய படமே அச்சாகியிருந்ததுண்டு. கணக்கருக்கு அது ஓர் இலக்கம். அவருக்கோ எழுதி முடியாத பொருளாயிருந்தது.

கொழும்பிலே இன்னொரு கூட்டத்தாரும் உளர். 1883ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஏலத்துக்காக, வரிசையாய் வைத்த கோப்பைகளின் முன் நடந்து, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மாதிரிகளை உறிஞ்சி, நாவிலே புரட்டி, உமிழ்ந்துவிட்டுக் குறிப்பெழுதுவோர். அளவிலே எந்தப் பியர்க் கணக்கரும் இவர்களை வெல்ல முடியாது. அதே தோட்டத்துத் தேயிலையை வாராவாரம் சுவைத்து, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் மழை என்ன செய்தது என்று நாவினால் சொல்வார்கள். அவர்கள் கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்று முளைத்த பார்லியின் மணத்தைக் குறிப்பது. கொழுந்து கிள்ளுவோர் பேசும் மொழியில் அந்தக் குறிப்பேடுகளை எவரும் எழுதியதாக நான் கண்டதில்லை. எழுதப்படல் வேண்டும். பள்ளிக்கூடங்களில் கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த பொருளை என்னால் எண்ண முடியவில்லை; பியர் வேண்டாம், இரண்டு கோப்பை வெறுந்தேநீர் போதும்.

மாணவர் புறப்படுமுன் அந்தக் கரிய பியரில் ஒரு போத்தல் வாங்கிவந்தார். நான் குடிப்பதில்லை, ஆனால் மூக்குக்கு விரதம் இல்லை. குவளையை முகர்ந்தேன். பனங்கட்டி காய்ச்சும் தாச்சியின் ஓரத்தில் பாகு கருகும்போது எழும் மணம். அதன் அடியிலே வறுத்த கோப்பி. அவர் இரண்டு மிடறு பருகினார். இரண்டாவது மிடறு முதலாவதைப் போல் இல்லை என்று மூன்றாவது பருகினார். 413 என்று இலக்கமிட்டு அரைப்பக்கம் எழுதினார். இறுதியில் ஓர் இடம் வெறுமையாய் விடப்பட்டிருந்தது. விழுங்கிய பிறகு கசப்பு போய், இனிப்பும் போய், தொண்டையிலே மெல்லிய சூடு மட்டும் சிறிது நேரம் நிற்கிறதாம்; அதற்குச் சொல் வேண்டும் என்றார். திப்பிலிக் கஷாயம் குடித்த பின் நிற்கும் சூடு என்றேன். அது சற்றுக் கூடுதல், சேர், என்று தலையசைத்தார். நிகண்டிலும் தேடினோம். அந்த இடம் இன்னமும் வெறுமையாகவே இருக்கிறது. வாசகரில் எவருக்கேனும் சொல் தோன்றினால் எழுதியனுப்புக.