முதல் கட்டளையைச் சொன்னது யார்?

கடையில் கணக்குப் போட வைத்திருப்பார்களே, அந்த மாதிரிச் சின்ன கால்குலேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 4096 என்று அழுத்துங்கள். அணைத்துவிட்டு மறுபடியும் போடுங்கள். 4096 போயே போச்சு! வெறும் பூஜ்யம்தான் நிற்கிறது. இப்போது 7-ஐயும் 8-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 15 என்று பட்டென்று வருகிறது.

நீங்கள் சொன்ன எண் மறந்துபோனது. எப்படிக் கூட்டுவது என்பது மட்டும் மறக்கவே இல்லை. அதாவது, அதற்குள் இரண்டு வகை நினைவு இருக்கிறது. கணினியிலும் அப்படித்தான். ரேம் என்ற நினைவகம் படுவேகமானது. ஆனால் மின்சாரம் நின்றால் அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். காலையில் கணினியைப் போடும்போது ரேமில் உருப்படியாக ஒன்றும் இருக்காது.

இங்கேதான் ஒரு புதிர். விண்டோஸ், லினக்ஸ் போன்ற பெரிய நிரல்கள் டிஸ்கில் இருக்கின்றன. டிஸ்க் எதையும் மறக்காது. ஆனால் அதிலிருந்து படிக்க, 'இந்த இடத்தில் தேடு, இவ்வளவு எடு, ரேமில் இங்கே வை' என்று பிராசசருக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் டிஸ்கிலேயே இருந்தால்? பெட்டியைப் பூட்டி, சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்த கதைதான்!

இந்தப் புதிரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-லேயே அவிழ்த்துவிட்டார்கள். அங்கே மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் கட்டிய கணினியின் பெயர் எட்சாக். அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்கள். எண்கள் ஒலி அலைகளாகப் பாதரசத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் நின்றால் அலையும் நிற்கும், நினைவும் போகும். அதனால் டேவிட் வீலர் என்ற மாணவர் 31 கட்டளைகள் கொண்ட குட்டி நிரல் ஒன்றை எழுதினார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயன்படும் சுவிட்சுகளில் அதை ஒயர் இணைப்பாகவே பொருத்திவிட்டார்கள். பொத்தானை அழுத்தியதும் அந்த 31 கட்டளைகளும் நினைவகத்துக்குள் போய், துளையிட்ட காகித நாடாவிலிருந்து பெரிய நிரலைப் படிக்கத் தொடங்கும். 1949 மே 6 அன்று எட்சாக் 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களைக் கணக்கிட்டு அச்சடித்தது.

அந்த வசதி இல்லையென்றால் என்ன ஆகும்? 1975-ல் வந்த ஆல்டேர் 8800 கணினியைப் பாருங்கள். அதன் முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள். கணினியைப் போட்டதும் மனிதரே அவற்றை மேலும் கீழும் தள்ளி, தொடக்க நிரலை ஒவ்வொரு பைட்டாக உள்ளே செலுத்த வேண்டும். பில் கேட்ஸும் பால் ஆலனும் இந்தக் கணினிக்காக, பேசிக் மொழியைப் புரிந்துகொள்ளும் நிரலை எழுதினார்கள். அதைச் செய்துகாட்ட ஆலன் விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். தொடக்க நிரலை எழுதவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது! விமானம் தரையிறங்குவதற்குள் காகிதத்தில் எழுதி முடித்தார். மறுநாள் சுவிட்சுகளைத் தட்டி அதை உள்ளே செலுத்தினார். காகித நாடாவிலிருந்து பேசிக் ஏறியது. இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டார். 4 என்றது கணினி.

தினமும் இப்படிச் சுவிட்சு தட்ட முடியுமா? 1981-ல் ஐபிஎம் வெளியிட்ட பிசியில் அந்த வேலையே இல்லை. தொடக்க நிரலை ரோம் என்ற மறக்காத சில்லில் பதித்து மதர்போர்டிலேயே வைத்துவிட்டார்கள். இந்த நிரலுக்குப் பெயர் பயாஸ். சரி, அது எங்கே இருக்கிறது என்று பிராசசருக்கு எப்படித் தெரியும்? அந்த பிசியின் பிராசசரால் 10,48,576 பைட்டுகளை எட்ட முடியும். மின்சாரம் வந்ததும் அது தானாக 10,48,560-ஆம் எண்ணுள்ள இடத்துக்குப் போய்ப் பார்க்கும். பிராசசரின் அமைப்பே அப்படி. கழித்துப் பாருங்கள், அங்கிருந்து கடைசி வரை 16 பைட்டுகள்தான் மிச்சம்! அதற்குள் எவ்வளவு எழுத முடியும்? 'பயாஸ் அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே தாவு' என்ற ஒரே கட்டளை போதும்.

பயாஸ் எழுந்ததும் ரேம், விசைப்பலகை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்கும். சரியென்றால் 'பீப்' என்று ஒரு சத்தம். பிறகு டிஸ்கின் முதல் 512 பைட்டுகளை ரேமுக்குக் கொண்டுவரும். அவற்றில் கடைசி இரண்டும் 85, 170 என்று இருந்தால்தான் அது தொடக்க டிஸ்க். இந்த எண்களை இரும முறையில் எழுதிப் பாருங்கள்: 01010101, 10101010! அந்த 512 பைட் நிரல் அடுத்த பெரிய நிரலை அழைத்துவரும், அது இன்னும் பெரியதை. சின்னது பெரியதை எழுப்ப, அது தன்னைவிடப் பெரியதை எழுப்ப, கடைசியில் முழுக் கணினியும் விழித்துக்கொள்கிறது. இன்றைய கணினிகளில் பயாஸின் இடத்துக்கு யுஇஎஃப்ஐ வந்துவிட்டது. அதற்கு 512 பைட் என்ற வரம்பெல்லாம் இல்லை. கோப்புகளையே நேராகப் படிக்கும்.

சரி, மின்சாரம் இல்லாமல் இந்தத் தொடக்க நிரலைச் சில்லு எப்படி நினைவில் வைத்திருக்கிறது? இப்போது பயன்படுவது ஃபிளாஷ் சில்லு. 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது. அதற்குள் மிக நுண்ணிய அறைகள் ஏராளம். ஒவ்வொன்றையும் சுற்றி மின்சாரம் கடத்தாத பொருளால் சுவர். எழுதும்போது அதிக மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களை உள்ளே தள்ளுவார்கள். மின்சாரம் நின்றாலும் அவற்றால் வெளியே வர முடியாது. பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். எலக்ட்ரான்கள் சிக்கிய அறை 0 என்றால், காலி அறை 1.

ஃபிளாஷ் சில்லை அழித்துத் திரும்பவும் எழுதலாம். அதுவே ஆபத்தாகவும் முடிந்தது. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற வைரஸ் பல கணினிகளில் பயாஸ் மேலேயே குப்பையை எழுதியது. முதல் கட்டளையே போய்விட்டதால் அந்தக் கணினிகள் விழிக்கவே இல்லை. சில்லை எடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. அதனால்தான் இன்றைய கணினிகள் பல, புதிய தொடக்க நிரல் தயாரிப்பாளரிடமிருந்துதான் வந்ததா என்று சரிபார்த்த பிறகே அதை எழுத விடுகின்றன.

உங்கள் பள்ளிக் கணினியிலும் இதைப் பார்க்கலாம். ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணினியைப் போட்டவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பல கணினிகளில் ஒரு அமைப்புத் திரை வரும். அப்போது விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. உங்களோடு பேசுவது அந்தச் சின்னச் சில்லில் உள்ள நிரல். அதன் பதிப்பு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். எதையும் மாற்றாமல், சேமிக்காமல் வெளியே வாருங்கள்.