சாசனமில்லாத சகோதரத்துவம்

நான்கு ஆண்டுகளில் ஒரு மாணவர் அமைப்பின் உறுப்பினர்கள் முழுவதுமாக மாறிவிடுகிறார்கள். தொடங்கியவர்கள் எல்லோரும் பட்டம் பெற்றுப் போன பிறகும் அமைப்பு நிலைப்பது எப்படி? அமெரிக்கக் கல்லூரிகள் இதற்குக் கண்ட விடைகளில் ஒன்று ‘ஃபிராட்டெர்னிட்டி’ எனப்படும் மாணவர் சகோதரத்துவ அமைப்பு. கிரேக்க எழுத்துகளில் பெயர், கல்லூரிக்கொரு கிளை, வாழ்நாள் முழுவதற்குமான உறுப்புரிமை என்று அது வெளியே தெரியும். உள்ளே அதை இயக்குபவை மூன்று. யார், எந்த விதிப்படி கிளை தொடங்கலாம் என்பதைச் சொல்லும் சாசனம் ஒன்று. புதியவரை உள்ளே எடுக்கும் சடங்கு இன்னொன்று. நடந்ததைப் பதிந்து அடுத்தவர் கையில் கொடுக்கும் ஏடு மூன்றாவது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இந்த அமைப்பு வேரூன்றவில்லை. ஆனால் அதன் சடங்கு மட்டும், சாசனமும் ஏடும் இல்லாமல், பகிடிவதை (ராகிங்) என்ற பெயரில் இங்கே நடமாடுகிறது. அதற்கான மாற்றை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையைச் சுற்றியுள்ள கூத்துக் களரிகளிலேயே அது இருக்கிறது.

முதலில் சாசனத்தின் பலத்தைப் பார்ப்போம். 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில், வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர் ஐவர் ‘ஃபை பீட்டா கப்பா’ என்ற இரகசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். விவாதமும் கட்டுரை வாசிப்பும் அதன் வேலை. இரகசியக் கைகுலுக்கலும் உண்டு. 1779இல் ஹார்வர்டிலும் யேலிலும் கிளை அமைக்கச் சாசனம் வழங்கினார்கள். அது அமெரிக்கச் சுதந்திரப் போர்க்காலம். பிரித்தானியப் படை நெருங்க, 1781இல் கல்லூரி மூடப்பட்டது. தாய்ச் சங்கமும் நின்றுபோனது. ஆனால் சாசனம் பெற்ற இரு கிளைகளும் பிழைத்துக்கொண்டன. தாய்ச் சங்கத்துக்கு மறுபடி உயிர் வந்தது 1851இல்தான். ஃபை பீட்டா கப்பா பின்னர் இரகசியத்தைக் கைவிட்டு, கல்வியில் சிறந்தோரைக் கௌரவிக்கும் சங்கமாயிற்று. இன்று நாம் அறியும் வகையான சகோதரத்துவ அமைப்புகள் 1825இல் நியூயோர்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் பிறந்த கப்பா ஆல்ஃபாவிலிருந்து வளர்ந்தவை. எழுதிவைத்த விதி இருந்தால் தொடங்கிய இடமே அழிந்தாலும் அமைப்பு பிழைக்கும் என்பதற்கு 1781 நல்ல சான்று.

சடங்கின் பலத்தை அளக்க முயன்றவர்கள் உளவியலாளர்கள். 1959இல் எலியட் அரோன்சனும் ஜட்சன் மில்ஸும் கல்லூரி மாணவியரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேரச் சிலர் மிகவும் கூச்சம் தரும் சோதனையைக் கடக்க வேண்டியிருந்தது, சிலருக்கு இலேசான சோதனை, சிலருக்கு எதுவுமில்லை. பிறகு எல்லோரும் கேட்டது வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி அமைத்த ஓர் உரையாடலை. கடும் சோதனையைக் கடந்தவர்களே அதை மற்றவர்களைவிடச் சுவையானது என்று மதிப்பிட்டார்கள். இவ்வளவு பட்டது வீணுக்கா என்ற கேள்வியை மனம் தாங்காது. பட்ட பாட்டுக்கு ஈடாகக் குழுவின் மதிப்பை உயர்த்திக்கொள்கிறது. பகிடிவதை பட்டவர்களே மறுவருடம் அதற்காக வாதாடுவது ஏன் என்பதை இது பெருமளவு விளக்குகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துன்பத்தால் குழுவின் தரம் உயரவில்லை. உயர்ந்தது குழுவைப் பற்றிய எண்ணம் மட்டுமே.

இந்தப் பின்னணியில் வந்தாறுமூலைக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்தால் வரும் இந்த ஊரில் 1981 ஓகஸ்ட் 1 அன்று மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட அது, 1986 ஒக்டோபர் 1 முதல் கிழக்குப் பல்கலைக்கழகம். நான்கு ஆண்டுகளுக்குள் போர் வளாகத்துக்குள் வந்தது. 1990இல் அது அகதி முகாமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று அங்கிருந்து பிடித்துச் செல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. இப்படி அறுபட்ட ஒரு வளாகத்தில், முன்னவர் பின்னவருக்குக் கையளிக்கும் ஏடு மற்ற இடங்களைவிட அவசியமானது. சட்டப்படி அதற்கு இடமும் உண்டு: 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் மாணவர் ஒன்றியங்களையும் சங்கங்களையும் ஏற்கிறது. ஆயினும் இலங்கை மாணவரிடையே உண்மையில் சகோதரத்துவமாக இயங்குவது ‘பட்ச்’, அதாவது ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர் கூட்டம். அதற்கு விதி இல்லை, தலைவர் இல்லை, பதிவு இல்லை; இருப்பது சீனியர்மார் வைக்கும் பட்டப்பெயரும் உடைக் கட்டுப்பாடும் கட்டளைகளும். 1997இல் பேராதனைப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறுவருடமே 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டுகள் வரை, பாரதூரமான காயம் விளைவித்தால் பத்து ஆண்டுகள் வரை சிறை. சட்டம் கடுமையானதுதான், ஆனால் அது தண்டிப்பது தனிமனிதரை. பட்ச் எதற்கும் பொறுப்பேற்பதில்லை.

கஷ்டம் இல்லாமல் ஒற்றுமை வராது, பணக்காரப் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் சமமாக்குவது பகிடிவதைதான் என்பது வழக்கமான வாதம். இதன் முதற் பாதியை ஏற்கலாம். கஷ்டம் எத்தகையது என்பதே கேள்வி. மட்டக்களப்புக் கூத்தில் சட்டங்கொடுத்தல் (பாத்திரத்தின் பாட்டைக் கையளித்தல்) முதல் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (ஒத்திகை), அரங்கேற்றம் வரை படிகள் உண்டு. மாதக்கணக்கில் இரவிரவாகக் கூத்தாசிரியரான அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆடிப் பழகித் தாளக்கட்டு காலில் ஏறிய பிறகுதான் சதங்கை. அதுவும் கடும் சோதனையே. ஆனால் முடிவில் புதியவர் கையில் ஒரு வித்தை இருக்கிறது, குழுவுக்கும் ஆடத் தெரிந்த ஓர் ஆள் கிடைக்கிறார். இந்த மரபு வளாகத்துக்குள் செல்லாது என்று சொல்வதற்குமில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றினார். அவற்றில் ஆடிய சி. மௌனகுரு வந்தாறுமூலையில் படித்தவர். பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, புதிய தலைமுறை மாணவரோடு ‘இராவணேசன்’ஐ மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தார். ஏட்டுக்கும் உதாரணம் உண்டு: பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ இதழ் அந்த வளாகத்துத் தமிழ் மாணவரின் ஏடாக இருந்தது. உழைப்பும் பதிவும் இருந்த இடத்தில் உறவு தலைமுறை தாண்டியிருக்கிறது.

அமெரிக்கச் சாசனங்களும் கொடுமையைத் தடுக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மை, 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை கிளையில் புகுமுக இரவொன்றின் குடியால் ஒரு மாணவர் இறந்தார். ஆனால் பல்கலைக்கழகம் அந்தக் கிளையை நிரந்தரமாகத் தடைசெய்ய முடிந்தது, ஏனென்றால் பெயரும் பொறுப்பாளரும் உள்ள ஓர் அமைப்பு அங்கே இருந்தது. சகோதரத்துவ அமைப்புகள் ஆட்களை விலக்குபவை என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. அவை ஒதுக்கிய கறுப்பின மாணவர்கள் 1906இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தாமே தொடங்க வேண்டியதாயிற்று. ஆகவே அவர்களிடம் எடுக்க வேண்டியது சாசனத்தையும் ஏட்டையும். ஆள் தெரிவை அல்ல. இலவசக் கல்வியால் நிற்கும் வளாகத்தில் சங்கத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பீடத்துச் சங்கமும் எழுதிய விதியோடும், பொறுப்பான விரிவுரையாளரோடும், ஆண்டு மலரோடும் இயங்கி, புதியவருக்கு முதல் மாதத்திலேயே செய்ய ஒரு வேலையும் கற்க ஒரு வித்தையும் கொடுக்கட்டும். அப்போது, சேர்வதற்குப் பட்ட பாடு எதற்கென்று கேட்கும் மாணவருக்குக் காட்ட அந்தச் சங்கத்திடம் ஏதாவது இருக்கும்.