உப்புக் காற்றும் சங்கிலிக் கூடையும்

முட்டுக்காட்டில் ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் உப்பங்கழி. சற்று மேற்கே கேளம்பாக்கத்து உப்பளங்கள். இவற்றின் நடுவே நிற்கும் இரும்புக்கு ஆயுள் குறைவு என்பதை அப்பக்கத்தில் வீடு கட்டியவர்கள் தங்கள் ஜன்னல் கம்பிகளிலிருந்தே அறிவார்கள். அத்தகைய கரையில், வருஷம் முழுவதும் வெயிலிலும் மழையிலும் நின்று, விளையாடுவோர் எறிவதையெல்லாம் மார்பில் ஏற்க வேண்டிய ஒரு சாதனத்தை எப்படி அமைத்தால் அது நிலைக்கும் என்பது ஆராயத்தக்க விஷயம். டிஸ்க் கோல்ஃப் என்னும் ஆட்டத்தின் சங்கிலிக் கூடையைத்தான் சொல்கிறேன்.

பறக்கும் தட்டைக் கைமாற்றி ஓடும் அல்டிமேட் ஆட்டம் சென்னைக் கடற்கரைக்குப் பழகிவிட்டது. அதன் உறவான இந்த ஆட்டத்திலோ அணியும் இல்லை, ஓட்டமும் இல்லை. தட்டை எறிந்து, விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிந்து, குறைந்த வீச்சில் கூடையில் சேர்க்க வேண்டும். வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றி ஃப்ரிஸ்பீ தட்டைச் சீர்திருத்திய எட் ஹெட்ரிக், கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் இதற்கான முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது, இலக்காக நட்டவை வெறும் கம்பங்களே. பின்னர் அவரும் அவர் மகன் கென்னும் சேர்ந்து சங்கிலிக் கூடையை உருவாக்கினார்கள். 1977-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தட்டு கம்பத்தைத் தொட்டதா இல்லையா என்ற வழக்குக்கு அதன்பின் இடமில்லாமற் போயிற்று.

கூடையின் நுட்பம் மிக அழகானது. கம்பத்தின் உச்சியிலுள்ள வளையத்திலிருந்து சங்கிலிகள் தளர்வாகத் தொங்கிக் கீழே கம்பத்தை நோக்கிக் குவிகின்றன. அவற்றின் அடியில் கம்பிக் கூடை. 200 கிராமுக்கு மேற்படாத தட்டு, வெறுங் கம்பத்தில் மோதினால் தெறித்து விலகும். சங்கிலியில் மோதினாலோ, கண்ணிகள் ஒன்றோடொன்று அசைந்து, உராய்ந்து, அதன் வேகத்தை உண்டுவிடுகின்றன. வேகம் இழந்த தட்டு தானே கூடையில் விழுகிறது. வெளிவரிசையைத் துளைத்துக்கொண்டு போவதைத் தடுக்கப் பிற்காலத்தில் உள்வரிசைச் சங்கிலிகளும் சேர்ந்தன. இக்கரையில் முன்னாளில் ஓடிய மசூலாப் படகின் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்ததும் இதே தத்துவம்தான்: அலை அறையும்போது தையல் இளகி அடியை வாங்கிக்கொள்ளும்.

ஆனால் எந்த அசைவு கூடையின் குணமோ, அதுவே அதன் நாசத்துக்கும் காரணமாகிறது. கண்ணியும் கண்ணியும் தொட்டுக்கொள்ளும் அந்த நெல்லளவு இடத்தைக் கூர்ந்து பார்த்தால் விளங்கும்: மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறமாயிருக்க, அங்கே துத்தநாகப் பூச்சு தேய்ந்து இரும்பு வெளிப்பட்டுப் பழுப்பேறியிருக்கும். அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு வந்து அங்கே உப்பாய்ப் படிகின்றன. காற்றின் ஈரம் ஏறக்குறைய 75 சதவிகிதத்தைத் தாண்டியதும் அவ்வுப்பு தானே கசிந்து நீராகும். இக்கரையின் இரவுகள் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியவை. ஆகவே மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தே நிற்கிறது.

இது விளையாட்டைப் பற்றிய கவலை மட்டுமல்ல. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றப் பொறியாளர்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் பட்ட பாடு யாவரும் அறிந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் பொருளிலும் எழுந்து, அரிமானத்தையே தன் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்றாகக் கொண்டது. மண்டபத்தில் கடற்காற்றில் உலோகங்களை நிறுத்திச் சோதிக்க ஒரு களமும் அமைத்தது. இந்த அனுபவமெல்லாம் நம் நாட்டிலேயே இருக்க, கடலுக்குத் தொலைவான குளிர்ந்த பூங்காக்களுக்காகச் செய்த கூடையை அப்படியே வாங்கி நடுவது விவேகமாகாது.

கம்பத்துக்கும் கூடைக்கும் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்பு போதும், ஆனால் வெல்டிங் யாவும் முடிந்த பிறகு, சுமார் 450 டிகிரி வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் முழுதும் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். மின்முலாம் சில மைக்ரான் கனமே. முக்கியெடுத்த பூச்சு பெரும்பாலும் 50 மைக்ரானுக்கு மேல். பளபளக்கும் பவுடர் கோட்டிங் ஒன்றையே நம்புவதை நான் ஒப்பமாட்டேன். ஒரு கீறல் விழுந்தால் துரு அதன் அடியிலேயே மறைவாகப் பரவும். சங்கிலி மாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும்: அதன் குரோமியப் படலம் தேய்ந்தாலும் காற்றுப் பட்டுத் தானே மீண்டும் உண்டாகும். அதிலும் 304 ரகம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி காணும். மாலிப்டினம் கலந்த 316 ரகமே உத்தமம். ஒரு ஜாக்கிரதை வேண்டும். எவர்சில்வர் கொக்கி துத்தநாகப் பூச்சை நேரே தொட்டால், உப்பு ஈரத்தில் அவ்விடத்துப் பூச்சு விரைவில் கரையும். நடுவே ஒரு நைலான் வளையம் செருகினால் அது தடைப்படும். கம்பத்தின் அடியைக் கான்கிரீட்டில் நேரே புதைக்காமல் உறைக்குழாயில் நிறுத்திப் பூட்டினால், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கூடையைக் கழற்றி உள்ளே வைக்கலாம். நல்ல தண்ணீரில் கழுவி, தேய்ந்த சங்கிலியை மட்டும் மாற்றவும் அதுவே தக்க சமயம்.