கிரிப்டோ நாணயப் பணப்பையின் பாதுகாப்பு: மறைக்குறியாக்கமும் பல்கையொப்பமும்

முன்னுரை

வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தவர் வங்கிக் கிளையை அணுகலாம். பயனரே காக்கும் கிரிப்டோ நாணயப் பணப்பையில் அவ்வாறு அணுகத்தக்கவர் எவருமில்லை. பணப்பைக்குள் நாணயம் இருப்பதில்லை; பிளாக்செயின் பேரேட்டில் பதிவான நாணயத்தைச் செலவிடும் உரிமையை மெய்ப்பிக்கும் தனித்திறவுகோலே இருக்கிறது. பிட்காயினில் அது 256 பிட் நீளமுள்ள ஓர் இரகசிய எண். அதனைக் காக்கும் இரு வழிமுறைகளையும் அவற்றின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மறைக்குறியாக்கம்

பிட்காயின் கோர் மென்பொருள், பயனர் விரும்பின், திறவுகோலை ஏஇஎஸ்-256 முறையில் மறைக்குறியாக்கிச் சேமிக்கிறது. கணினி களவுபோனாலும், வலுவான கடவுத்தொடரை அறியாதவர்க்கு அக்கோப்பு பயன்படாது. ஆயினும், கையொப்பமிடும் வேளையில் திறவுகோல் கணினியின் நினைவகத்தில் வெளிப்பட்டே ஆகவேண்டும். தீநிரல் அக்கணத்திற்காகக் காத்திருக்கக்கூடும். வேறு காப்புப்படி இன்றிக் கடவுத்தொடரை மறந்தால், உரிமையாளரும் அயலாராகிவிடுவார்.

பல்கையொப்பம்

மூன்று திறவுகோல்களுள் எவையேனும் இரண்டு ஒப்பமிட்டாலன்றிப் பணம் நகராது என்று விதிப்பது பல்கையொப்ப முறைக்கு எளிய சான்று. ஒரு திறவுகோல் களவுபோனால் பணம் பறிபோகாது. ஒன்று தொலைந்தால் பணம் முடங்காது. இரு திறவுகோல்கள் ஒரே கணினியில் இருப்பின் இப்பயன் அற்றுப்போகும்.

பைபிட் நிகழ்வு

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் பரிமாற்றகம் ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தரை இழந்தது. அது பல்கையொப்பத்தால் காக்கப்பட்ட பணப்பை. திறவுகோல் எதுவும் திருடப்படவில்லை. ஒப்பமிடுவோர் பயன்படுத்திய சேஃப் வாலட் இணையத்தளத்தின் நிரலைத் தாக்குநர் மாற்றியிருந்தனர். திரையில் வழக்கமான பணமாற்றம் தோன்றியது. ஒப்பமிடப்பட்டதோ பணப்பையின் கட்டுப்பாட்டையே கைமாற்றும் ஆணை. கையொப்பங்கள் அனைத்தும் முறையானவையாதலால் பிளாக்செயின் அவற்றை ஏற்றது. ஒப்பமிட்டோர் பலராயினும், அவர்கள் நம்பிய திரை ஒன்றே.

முடிவுரை

மறைக்குறியாக்கம் திறவுகோலின் மறைவைக் காக்கிறது. பல்கையொப்பம் அதிகாரத்தைப் பகிர்கிறது. ஒப்பமிடுபவர் எதற்கு ஒப்பமிடுகிறார் என்பதை இவ்விரண்டும் உறுதிசெய்வதில்லை. ஆகவே, ஒவ்வொருவரும் தனித்தனிக் கருவியில், வெவ்வேறு மென்பொருளின் துணையுடன் ஆணையின் உள்ளடக்கத்தைச் சரிபார்த்த பின்னரே ஒப்பமிடுதல் வேண்டும். திறவுகோல்களைப் பிரித்துவைப்பது போலவே சரிபார்ப்பையும் பிரித்துவைத்தால்தான் பல்கையொப்பம் தன் பயனை முழுமையாகத் தரும்.