கார் நுழையாத கார் ஷெட்!

குக்கர் கைப்பிடி ஆடியது. ஒரே ஒரு ஸ்க்ரூதான். "ஸ்க்ரூ டிரைவர் ஷெட்லதான் இருக்கு, ரெண்டே நிமிஷம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் கிளம்பினேன். 10.45 வரை தேடல். தலையில் ஒட்டடை, முழங்காலில் சிராய்ப்பு. ஸ்க்ரூ டிரைவர் மட்டும் இல்லை. 11 மணிக்குத் தெருமுனை ஹார்டுவேர் கடையில் புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் பருப்பு பாத்திரத்திலேயே வெந்துவிட்டிருந்தது.

"இது எத்தனாவதுங்க?" என்று மட்டும் கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சுட்டது.

பிற்பாடு ஷெட்டைக் காலி செய்தபோது எண்ணினேன். 11 ஸ்க்ரூ டிரைவர்கள்! 4 இன்ச் டேப்கள். 10-ம் நம்பர் ஸ்பேனர் மட்டும் மூன்று. ஹார்டுவேர் கடைக்காரர் என்னைப் பார்த்தாலே ஏன் மலர்ந்து சிரிக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

வீடு தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூரில். ஷெட் 1994-ல் அப்பா போட்டது. கிண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டர் வேலை. மின்சார ரயிலில் போய் வந்துகொண்டிருந்த மனிதர், 'என்னைக்காவது ஒரு கார் வாங்காமலா போயிடுவோம்' என்று 10-க்கு 16 அடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வைத்தார். கார் 2019-ல்தான் வந்தது. அதுவும் நான் மாதத் தவணையில் வாங்கியது. ஆனால் பாருங்கள், அதற்குள் ஷெட்டில் இடம் இல்லை. உடைந்த நாற்காலிகள் ஏழும் ஷெட்டுக்குள் நிழலில். ஏழு வருஷத் தவணையில் வந்த கார் தெருவில் வெயிலில்!

அமெரிக்காவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் இரண்டு நண்பர்கள் இப்படி ஒரு ஷெட்டில்தான் 1939-ல் ஹியூலெட்-பேக்கர்ட் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அந்த ஷெட் 12-க்கு 18 அடி. நம்முடையதைவிட இரண்டே அடிதான் பெரிசு. இதை வீட்டில் சொன்னபோது, "அவங்க வீட்டுல ஸ்க்ரூ டிரைவர் கிடைச்சிருக்கும்" என்று பதில் வந்தது.

போகியன்று ஆரம்பம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டுக்குள் நாலடித் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு மறுபடி முழங்கால் அளவு. போதும் என்று தோன்றிவிட்டது. 2024 போகி தோதாக ஞாயிற்றுக்கிழமையே வந்தது. ஷெட்டில் இருந்த அத்தனையையும் வாசலில் எடுத்து வைத்தோம்.

இங்கே ஒரு விஷயம். 'இந்த மூலையை மட்டும் இன்னிக்கு, அந்த மூலையை அடுத்த வாரம்' என்பது நடக்காத கதை. அந்த மூலைச் சாமான் இந்த மூலைக்கு வந்துவிடும், அவ்வளவுதான். மொத்தமாக வெளியே வந்தால்தான் நம் வண்டவாளம் தெரியும். தெரிந்தது. கல்லாகிப்போன சிமென்ட் மூட்டை, காய்ந்த டிஸ்டெம்பர் டப்பாக்கள், செத்த யு.பி.எஸ். பேட்டரி, டியூப் லைட் சோக்குகள், மூடி மட்டும் உள்ள ஒரு ஃப்ளஷ் டேங்க். தெருவில் போன ஒருவர், "வீடு மாத்துறீங்களா சார்?" என்று விசாரித்தார்.

வேண்டும், வேண்டாம், தெரியவில்லை என்று மூன்று குவியல். 'தெரியவில்லை' குவியல்தான் ஆள் உயரம். வேண்டாத குவியலை காயலான் கடைக்காரர் தராசோடு வந்து எடுத்துப் போனார். இரும்பு கிலோ 30 ரூபாய். வெற்றிப் பெருமிதத்தோடு குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

சாயந்திரம் அப்பா கேட்டார்: "டேய், அந்தப் பச்சைப் பொட்டி எங்கேடா?"

பச்சைப் பெட்டியா? பச்சை பெயின்ட் அடித்த தகர டூல் பாக்ஸ். 2015 வெள்ளத்தில் மூடி துருவேறி இறுகியது. அதன் பிறகு யாரும் திறக்கவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு அப்பா ஷெட் பக்கமே போனதில்லை. எட்டு வருஷமாக அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. துருப்பிடித்த இரும்பு என்று நான் அதையும் தராசில் ஏற்றியிருந்தேன்.

பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். கடை பூட்டியிருந்தது. மறுநாள் பொங்கல், அதற்கு மறுநாள் மாட்டுப் பொங்கல். இரண்டு நாளும் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் எனக்கு மட்டும் கசந்தது. அப்பா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கடை திறந்ததும் முதல் ஆள் நான்தான். பெட்டி இருந்தது! லாரியில் ஏற்ற வைத்திருந்த குவியலுக்கு அடியில். 300 ரூபாய்க்குக்கூடப் போகாத பெட்டியை 700 ரூபாய் கொடுத்து மீட்டேன். கடைக்காரர் பேரம் பேசவே இல்லை. என் முகத்தைப் பார்த்தே விலை சொல்லிவிட்டார்.

கீல்களில் மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்த பிறகு பெட்டி திறந்தது. அரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. சுத்தியல் பிடி மக்கிப் போயிருந்தது. ஒரு மூலைமட்டம், ஒரு வெர்னியர். எல்லாவற்றுக்கும் அடியில் கிரீஸ் தடவிய துணியில் சுற்றிய ஒரு இரும்புத் துண்டு. துண்டு இல்லை, இரண்டு துண்டுகள். ஒன்றுக்குள் ஒன்று வந்து உட்காரும்.

"1968-ல ஐ.டி.ஐ.ல போட்ட ஜாப்" என்றார் அப்பா. "அரத்தால ராவி ராவியே செஞ்சது. ரெண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது. அதான் டெஸ்ட்."

சேர்த்துத் தூக்கிப் பிடித்தார். ஒரு மூலையில் துரு தின்றிருந்தது. கோடு போல் வெளிச்சம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு அதுவரை ஷெட் என்பது ஸ்க்ரூ டிரைவர் பிரச்னை. அன்றைக்கு அது வேறாகிவிட்டது.

தண்ணீர் முதலில், தளவாடம் கடைசியில்

உடனே ஒரு ஸ்டீல் அலமாரி வாங்கலாம் என்று கிளம்பினேன். நம்மில் பலர் செய்கிற தப்பு இதுதான். அப்பா தடுத்தார். "தண்ணி வர்ற எடத்துல அலமாரி வாங்கி மீன் வளர்க்கப் போறியா?"

எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, ரோடு ஏறி வீடு இறங்கிவிட்டது. வாசலில் இரண்டு படி ஏறி வந்த காலம் போய், இறங்கி வருகிற காலம். ஆகவே பிப்ரவரியில், மழை இல்லாத நாளாகப் பார்த்து, தளம் உயர்த்தும் வேலை. ஏறக்குறைய ஒரு அடி உயர்த்தினார் மேஸ்திரி. உள்சுவரிலிருந்து வாசல் பக்கமாக, 16 அடி நீளத்துக்கு 2 அங்குலம் வாட்டம். கண்ணுக்குத் தெரியாது, வாளித் தண்ணீரைக் கொட்டினால் தானாக வெளியே ஓடும். பூசி முடித்து ஒரு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். அந்த ஒரு வாரத்தைச் சுருக்கினால் தளம் மாவாக உதிரும் என்றார் மேஸ்திரி. ஆன செலவு 21,000. என் மூன்று மாதச் சேமிப்பு காலி. அதனால் மார்ச் முழுக்க வேலை நிறுத்தம்! கட்டம் கட்டமாகச் செய்வதில் இது ஒரு சௌகரியம். கடன் வாங்க வேண்டாம். நடுவில் யோசிக்கவும் நேரம் கிடைக்கிறது.

கூரை பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஃபேன் கொக்கி மாட்ட டிரில் போடலாம் என்று நினைத்திருந்தேன். அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். வேண்டவே வேண்டாம். ஃபேனைச் சுவரில் மாட்டியாகிவிட்டது.

அடுத்தது கரன்ட். அதுவரை ஷெட்டுக்கு வந்த மின்சாரம், ஹால் ஜன்னல் வழியாகத் துணிக்கொடி மாதிரி தொங்கிய ஒரே ஒயர். ஒருமுறை டிரில்லிங் மெஷினைப் பிடித்தபோது கையில் எறும்பு ஊறிய மாதிரி இருந்தது. எறும்பு என்றே நினைத்துத் தட்டிவிட்டேன்! எலெக்ட்ரீஷியன் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், எம்.சி.பி. இருக்குல்ல, அது ஒயரைக் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்தணும்னா ஆர்.சி.சி.பி. போடணும். 30 மில்லி ஆம்ப்னு பார்த்து வாங்கிட்டு வாங்க."

எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். போகிற கரன்டும் திரும்புகிற கரன்டும் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால், அது வேறு வழியாக, ஒருவேளை நம் உடம்பு வழியாக, பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். கண் இமைப்பதற்குள் ஆர்.சி.சி.பி. இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். கரன்ட் நிற்காவிட்டால் அது வெறும் அலங்காரம்.

மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்குத் தனி லைன், நல்ல எர்த், மெஷின்களுக்கு 16 ஆம்பியர் பாயின்ட். பிளக் பாயின்ட் எத்தனை உயரத்தில் வைப்பது? சுவரில் 2015 வெள்ளத்தின் கறை கோடாக இருந்தது. அதற்குமேல் அரை அடி தள்ளி அப்பா பென்சிலால் ஒரு கோடு போட்டார். எல்லா பாயின்ட்டும் அதற்கு மேலே.

முழங்கை உயரம்

ஆகஸ்டில் வேலை மேஜை. இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் ஒரு பழைய தேக்குக் கதவு கிடைத்தது. அதுவே மேஜைப் பலகை. உயரத்தில்தான் தகராறு. நேராக நின்று முழங்கையை மடக்கினால், வைஸின் வாய் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது ஃபிட்டர் கணக்கு. அப்போதுதான் அரம் போடும்போது தோள் வலிக்காது, அரமும் ஆடாது. ஆனால் யாருடைய முழங்கை? நான் அவரைவிட அரை அடி உயரம். "உன் உயரத்துக்கே போடுடா, நான் என்ன பண்ணப் போறேன்" என்றார். மனைவி குறுக்கிட்டாள். "மாமா, நீங்க நில்லுங்க, அளவு எடுக்கட்டும்." எடுத்தோம். நான் குனிந்து வேலை செய்கிறேன்.

வைஸை ஸ்க்ரூவால் அல்ல, போல்ட் நட்டால் இறுக்க வேண்டும். அசையாத தாடை மேஜை விளிம்பைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். நான் அழகாக நடுவில் வைத்திருந்தேன். கழற்றி மறுபடி மாட்டினோம்.

கடைசிக் கட்டம் சுவர்ப் பலகை. ஒரு பிளைவுட்டில் ஆணி அடித்து ஒவ்வொரு டூலையும் மாட்டி, அதைச் சுற்றி மார்க்கர் பேனாவால் உருவம் வரைவது. படம் வரைந்தது என் பெண். சுத்தியலுக்கு மீசை வரைந்துவிட்டாள். இருக்கட்டும் என்று விட்டோம். எடுத்த டூல் திரும்பாவிட்டால் காலி உருவம் காட்டிக்கொடுத்துவிடும். ஆணி, ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில். பாட்டில் மூடிகளை ஷெல்ஃபின் அடியில் ஸ்க்ரூ போட்டு மாட்டிவிட்டால் பாட்டிலைத் திருகிக் கழற்றி எடுக்கலாம். எது எங்கே என்று கண்ணாடி வழியே தெரியும்.

எங்கள் ஆபீசில் 'ஃபைவ் எஸ்' என்று ஜப்பான்காரர்களின் ஐந்து சூத்திரத்தை இரண்டு நாள் ஏ.சி. அறையில் சமோசாவோடு சொல்லிக் கொடுத்தார்கள். வேண்டாததைக் கழி, மிச்சத்துக்கு இடம் வை, துடை, அதையே முறையாக்கு, முறையை விடாதே. வீட்டில் வந்து பெருமையாக விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டூல் ரூம்ல டோக்கன் குடுத்துட்டுத்தான் டூல் எடுப்போம். சாயந்திரம் டோக்கன் தொங்குனா வீட்டுக்கு விட மாட்டாங்க" என்றார். சமோசா இல்லாமலே கற்றுக்கொண்டிருக்கிறார்!

துருப்பிடித்த சாமான்களை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் பூசினோம். வெர்னியரையும் அதில் போடப் போனேன். அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அளவுக் கருவிக்கு வினிகரும் கூடாது, எமரித் தாளும் கூடாது. மண்ணெண்ணெயும் மெல்லிய துணியும் மட்டும்தான்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. பலகையில் அத்தனை டூலுக்கும் சந்தனம், குங்குமம். வைஸுக்கு மாலை. பச்சைப் பெட்டிக்கு மறுபடி பச்சை பெயின்ட். கார் வழக்கம்போல் தெருவில் நின்றே பூஜையை ஏற்றுக்கொண்டது.

மறுவாரம் குக்கர் கைப்பிடி மறுபடி ஆடியது. கம்பீரமாக ஷெட்டுக்குப் போனேன். பலகையில் ஸ்க்ரூ டிரைவரின் காலி உருவம்! திரும்பி வந்தால், மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்க்ரூவை இறுக்கி முடித்துவிட்டிருந்தாள்.

இப்போதெல்லாம் மத்தியானம் நாலு மணிக்கு ஷெட்டிலிருந்து 'கிர்ர்க்... கிர்ர்க்...' என்று அரம் போடும் சத்தம் கேட்கிறது. அப்பா புதுசாக இரண்டு இரும்புத் துண்டுகள் வாங்கி வரச் சொன்னார். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். சில நாள் அவள் கையிலும் அரம். அப்பாவுக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனால், இரண்டு துண்டையும் சேர்த்து டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னும் வெளிச்சம் வருதுடா" என்கிறார்.