பிரேக் போட்டால் சீட் ஆடுகிறதா? பழைய கேம்பர் வேன் சொல்லும் பாடம்!

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள். டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். பெயின்ட்டுக்கு அடியில் துரு இருக்கிறதா என்று தேடுவார்கள். ஆனால், டிரைவர் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

இங்கிலாந்தில் பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன்களைப் பராமரிப்பவர்களுக்கு இது பெரிய கேள்வி. படுக்கை, அடுப்பு, அலமாரி என்று ஒரு குட்டி வீட்டையே உள்ளே வைத்திருக்கும் வேன் அது. திரைச்சீலையைப் புதிதாகத் தைத்துப் போடுவார்கள், வெளியே இரட்டை வண்ணம் அடிப்பார்கள். ஆனால் ஓட்டுநரைத் தாங்கி நிற்கும் சில போல்ட்டுகளும் ஒரு ஜோடி தண்டவாளமும் யார் கண்ணிலும் படாமல் தேய்ந்துகொண்டிருக்கும்.

50 வயது வேன்

ஃபோக்ஸ்வேகனின் இந்த வேன் 1950-ல் தயாரிப்புக்கு வந்தது. முன்கண்ணாடி ஒரே பெரிய வளைவாக இருக்கும் இரண்டாம் தலைமுறை வேன், ஜெர்மனியில் 1967 முதல் 1979 வரை தயாரானது. பிரேசிலில் அதன் வாரிசு 2013 வரை ஓடியது. புதிய கார்களுக்கு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்ததும் அதற்கும் விடை கொடுத்தார்கள். ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா, இங்கிலாந்தில் டெவன், டான்பரி போன்ற நிறுவனங்கள் இந்த வேனை வீடாக மாற்றி விற்றன.

இதில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. ஓட்டுநர் முன் சக்கரத்துக்கு மேலே, வண்டியின் மூக்கிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் நீளமான பானெட் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் சீட் ஆடினால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

சட்டம் கண்ணை மூடிக்கொண்டது!

பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை உண்டு. டிரைவர் சீட் உறுதியாக நிற்கிறதா, முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதெல்லாம் அந்தச் சோதனையில் அடக்கம்.

ஆனால் 2018 மே 20 முதல், 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு இந்தச் சோதனையிலிருந்து விலக்கு அளித்துவிட்டார்கள். 1970-களின் கேம்பர் வேன்களில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும். அதேநேரம், வண்டியைச் சாலைக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருக்கு அப்படியே இருக்கிறது. ஆக, ஆண்டுக்கு ஒருமுறை சீட்டை ஆட்டிப் பார்த்த அந்தக் கை இப்போது இல்லை. அந்த வேலையை உரிமையாளர்தான் செய்தாக வேண்டும்.

எப்படித் தேய்கிறது?

சீட்டுக்கு அடியில் இரண்டு இரும்புத் தண்டவாளங்கள். அவற்றின் மேல் சீட் முன்னும் பின்னும் நகரும். இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க இடையில் சிறிய பிளாஸ்டிக் துண்டுகள். லிவரை விட்டதும் ஒரு பல், தண்டவாளத்தின் பள்ளத்தில் விழுந்து சீட்டைப் பூட்டிக்கொள்ளும்.

உயரமான வேனில் ஏறும்போது முழு எடையும் முதலில் சீட்டின் வெளி ஓரத்தில்தான் விழும். ஒரு நாளைக்கு நாலு முறை என்றாலும், 50 ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் துண்டு நொறுங்கும். தண்டவாளம் வளையும். பூட்டும் பல் மழுங்கும். போல்ட் ஓட்டை மெள்ள மெள்ள முட்டை வடிவத்துக்கு மாறும்.

அடுத்த எதிரி தண்ணீர். முன்கண்ணாடி ரப்பர் கிழிந்தால் மழைநீர் கால்மிதிக்கு அடியில் இறங்கும். கடற்கரையில் நனைந்த கால்களும் அங்கேதான் வந்து நிற்கும். மேலே விரிப்பு பளிச்சென்று இருக்க, அடியில் சீட் ஸ்டாண்டு நிற்கும் தகடு துருப்பிடித்துப் பொடிந்துகொண்டிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

சீட் பிடிமானம் எவ்வளவு தாங்க வேண்டும்? ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 17-ம் எண் விதி, இன்றைய கார் சீட்டுகளைப் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு வேகக் குறைப்பில் சோதிக்கச் சொல்கிறது. 15 கிலோ எடையுள்ள சீட் என்று வைத்துக்கொண்டால், அந்த நொடியில் அது 300 கிலோவாக முன்னால் பாயும். வெறும் சீட்டுக்கே இந்தக் கணக்கு!

விபத்து வரைகூடப் போக வேண்டாம். மேட்டில் வண்டியைக் கிளப்பும்போது சீட் திடீரென்று பின்னால் சறுக்கினால், கால் பெடலை விட்டு விலகும். கை தன்னையறியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும். ஆபத்துக்கு அது போதும்.

சரிசெய்வது எப்படி?

முதலில் சீட்டைக் கழற்றி எடுத்து, விரிப்பையும் நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். கோளாறு எங்கே என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

*பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்திருந்தால்* அதிர்ஷ்டம்தான். இந்த வேன்களுக்கான உதிரிபாகங்கள் ஐரோப்பாவில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. தண்டவாளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, புதிய துண்டுகளைப் பொருத்தினால் ஆட்டம் நிற்கும். சாதாரண கிரீஸை அள்ளிப் பூசக் கூடாது. மண்ணும் மணலும் அதில் ஒட்டி, உப்புத்தாள் போல அராவிவிடும். சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும்.

*பூட்டும் பல் மழுங்கியிருந்தால்* அதை மாற்றித்தான் ஆக வேண்டும். பிடிக்கும் வரை ஸ்பிரிங்கை இறுக்கிக் கட்டுவது வைத்தியம் ஆகாது.

*போல்ட் ஓட்டை பெரிதாகியிருந்தால்* பெரிய வாஷர் போட்டு மூடுவது வழக்கம். ஆட்டம் மறையும், பலவீனம் மறையாது. ஓட்டையை வெல்டிங்கால் அடைத்து, மட்டமாக அராவி, சரியான அளவில் மறுபடி துளையிட வேண்டும். நட்டின் மரை போயிருந்தால் புது நட்டை வெல்டு செய்ய வேண்டும். பழைய போல்ட்டைத் திரும்பப் போடாமல், கம்பெனி சொன்ன அளவிலும் வலிமையிலும் புதியது வாங்க வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 போன்ற எண் பொறித்திருக்கும். அதுதான் அதன் வலிமையின் அடையாளம்.

*தகடே துருப்பிடித்திருந்தால்* வீட்டில் செய்கிற வேலை இல்லை. துருவுக்கு மேல் தகட்டை வைத்து ஒட்டினால் அடியில் அரிப்பு தொடரும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே தடிமனில் புதுத் தகடு வெல்டு செய்ய வேண்டும். பிறகு பிரைமர், மூட்டுகளில் சீலன்ட், கடைசியில் பெயின்ட். கண்ணாடி ரப்பரையும் கையோடு மாற்றாவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். தரைக்கு அடியில் ஓடும் பிரேக் குழாய், வயர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது வீடாகவும் இருக்கிற வண்டி என்பதால், சமையல் கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்து வைப்பது மிக முக்கியம்.

வேலை முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

வண்டி நிற்கும்போதே சோதிக்கலாம். இந்தச் சோதனை உங்கள் வீட்டு காருக்கும் பொருந்தும்.

1. சீட்டில் உட்காராமல், அதன் தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் பிடித்து நாலு பக்கமும் ஆட்டுங்கள். 'டக் டக்' சத்தம் வரக் கூடாது.

2. சீட்டை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, லிவரை விட்டதும் பல் பள்ளத்தில் விழுகிற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

3. உட்கார்ந்து, லிவரைத் தொடாமல் உடம்பை முன்னும் பின்னும் வேகமாகத் தள்ளுங்கள். சீட் நகரக் கூடாது.

4. விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரமோ துருவோ இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஐந்து நிமிட வேலைதான். வண்டியின் அத்தனை பாகங்களையும் ஓட்டுநர் கட்டுப்படுத்துகிறார். அந்த ஓட்டுநரைப் பிடித்து வைத்திருப்பது சீட். அதைப் பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது குனிந்து பாருங்கள்.