ஆறு மாதம் என்றது சட்டம்

2025 மே மாதம். அயர்லாந்து நாடாளுமன்றம் கூடும் டப்ளின் லெய்ன்ஸ்டர் ஹவுஸ் வாசலில், 14 வயது மாணவி ஒருவர் 50 மணி நேரம் போராட்டத்தில் அமர்ந்தார். டிப்பரரியைச் சேர்ந்த காரா டார்மடி. அவருடைய தம்பிகள் இருவருக்கும் ஆட்டிசம். புதிய சலுகை எதையும் அவர் கேட்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே மன்றம் நிறைவேற்றிய சட்டத்தை அரசு மதிக்க வேண்டும் என்று கேட்டார்.

அந்த 2005ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, பிள்ளைக்கு என்ன குறை, என்ன உதவி தேவை என்று அறியப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். 'தேவை மதிப்பீடு' என்று அதற்குப் பெயர். விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும். அடுத்த மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். காரா வாசலில் அமர்ந்திருந்த நாட்களில், கெடு தாண்டிக் கிடந்த விண்ணப்பங்கள் 15,000-க்கும் மேல்.

இந்த உரிமை 2007இல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று நடைமுறைக்கு வந்தது. 2009இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பால், 2002 ஜூன் 1 முதல் பிறந்த எல்லோருக்கும் உரியதாயிற்று. தகுதி பெறுவோர் ஆண்டுதோறும் கூடினார்கள். அதற்கு ஈடாக உளவியலாளர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் கூடவில்லை.

அப்போது சுகாதாரத் துறை கண்டுபிடித்த வழிதான் என்னை மிகவும் வருத்துகிறது. 2020 ஜனவரியில் மதிப்பீட்டையே சுருக்கிவிட்டார்கள். 'முதற்கட்ட மதிப்பீடு' என்ற பெயரில் அதிகபட்சம் 90 நிமிடம். அதன் முடிவில் ஆட்டிசம் உண்டா இல்லையா என்ற பதில் கிடைக்காது. மேலும் பரிசோதிக்க வேண்டும் என்ற குறிப்போடு பிள்ளை இன்னொரு வரிசைக்குப் போகும். பந்தியில் உட்காரவைத்து, இலையை மட்டும் போட்டுவிட்டு, சாப்பாடு ஆயிற்று என்று கணக்கெழுதுவது போன்ற காரியம் இது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம், சட்டம் சொல்லும் மதிப்பீடு இதுவல்ல என்று தீர்ப்பளித்தது. இந்த முறையில் பார்க்கப்பட்ட சுமார் 10,000 பிள்ளைகளின் கோப்புகளை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. அவர்கள் இழந்த காலத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

ஆட்டிசம் அல்ல, ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகை இயக்கமும்) என்றால் கதவே வேறு: சிறார் மனநலச் சேவை. ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் இருக்கக்கூடிய பிள்ளையின் பெற்றோர் இரண்டு கதவுகளையும் தட்ட வேண்டும். மனநலச் சேவையில் ஆளில்லாததன் விளைவை, தெற்கு கெர்ரி வட்டாரத்தின் சிறார் மனநலப் பிரிவைப் பற்றி 2022 ஜனவரியில் வெளியான அறிக்கை காட்டியது. நிரந்தர மூத்த மருத்துவர் இல்லாத, மேற்பார்வை குன்றிய பிரிவில், இளநிலை மருத்துவர் ஒருவர் பார்த்த பிள்ளைகளில் 46 பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பலருக்கு ஏ.டி.எச்.டி. என்று சரியான ஆதாரமின்றி முடிவு கட்டி மருந்து கொடுத்திருந்தார்கள். தாமதத்துக்கு மாற்று அரைகுறைப் பரிசோதனை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காத்திருப்பு வெறும் காத்திருப்பாக நிற்பதில்லை. ஆட்டிசப் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பில் இடம் கேட்டால் பள்ளி நிபுணரின் அறிக்கையைக் கேட்கும். தனியாரிடம் அந்த அறிக்கை பெற ஆயிரம் யூரோவுக்கு மேல் செலவாகும். கையில் பணம் உள்ளவர் வாங்கிவிடுகிறார். இல்லாதவரின் பிள்ளைக்குப் பேச்சும் பழக்கமும் படியும் வயது கடந்துபோகிறது.

காராவின் போராட்டத்தை ஒட்டிய காலத்தில், சட்டத்தைத் திருத்தலாமா என்ற பேச்சு ஆட்சியாளர்களிடம் எழுந்தது. நிபுணர்களின் நேரத்தை மதிப்பீடு தின்றுவிடுகிறது, சிகிச்சைக்கு ஆள் மிஞ்சவில்லை என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2022 கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சேவைக் குழுக்களில் 700-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் காலியாகக் கிடந்தன. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அத்தனை இடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு சட்டத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஆறு மாதம் என்ற கெடுவில் கை வைக்காதீர்கள். காலி இடங்களை நிரப்புங்கள்.